அத்தியாயம் 7: பாரம் தூக்கும் தோளுக்குக் கர்லாக்கட்டை

பைக்கின் பின்சீட்டில் வைத்த பையை எடுக்கக் கையைப் பின்னால் கொண்டுபோகும்போதுதான் பலருக்கு முதலில் தெரிகிறது. தோளின் முன்பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு ஒரு வலி. சட்டைக்குள் கைவிடும்போது மறுபடியும். ஜிம்முக்குப் போய் உடம்பு சூடேறியதும் அது மறைந்துவிடும். சதைப்பிடிப்பு என்று நினைத்துக்கொண்டு பெஞ்ச் பிரஸ்ஸில் இன்னொரு பிளேட்டை மாட்டுவார்கள். மூன்று மாதம் போன பிறகு, ராத்திரி அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியாமல் வந்து நின்று, "அண்ணே, தோளு பிடிச்சுக்கிருச்சு, என்னண்ணே செய்றது?" என்பார்கள். மதுரையில் இந்தப் பேச்சைக் கேட்காமல் எனக்கு ஒரு மாதம் கழிவதில்லை. அந்தத் தம்பிகளுக்காகவும், வலி வருவதற்கு முன்பே இந்தப் பக்கத்துக்கு வந்துவிட்டவர்களுக்காகவும் இந்த அத்தியாயத்தை எழுதுகிறேன்.

ஜிம்மில் பார் நேர்கோட்டில் ஏறி இறங்குகிறது. தோளோ சுற்றுவதற்காக அமைந்த மூட்டு. நேர்கோட்டில் ஏற்றும் பாரத்தை அது பல வருஷம் தாங்க வேண்டுமானால், வட்டத்தில் லேசான வேலையை அன்றாடம் அதற்குக் கொடுக்க வேண்டும். அதற்கான கருவி நம் ஊரிலேயே இருக்கிறது. தண்டால், பஸ்கி, கர்லா என்று பெரியவர்கள் ஒரே மூச்சில் சொல்வார்கள். முதல் இரண்டையும் நாம் விட்டுவிடவில்லை. மூன்றாவதுதான் மூலையில் கிடக்கிறது.

கரண்டியும் எலுமிச்சம்பழமும்

இடுப்பு மூட்டு உரலுக்குள் இறங்கிய உலக்கை மாதிரி. குழி ஆழம், சுவர் உயரம், எளிதில் நழுவாது. தோள் மூட்டு அப்படியில்லை. பள்ளிக்கூட விளையாட்டு விழாவில் கரண்டியில் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டு ஓடுவார்களே, அதுதான் தோள். கரண்டி சிறியது, ஆழம் குறைவு, பழம் பெரியது. குழி ஆழமாக இல்லாததால்தான் கையை நம்மால் எல்லாப் பக்கமும் சுழற்ற முடிகிறது. அதே காரணத்தால்தான் அது எளிதில் கெட்டும் போகிறது.

அந்தப் போட்டியில் ஜெயிக்கிற பிள்ளையின் கையைக் கவனித்தால், பழம் சாயும் பக்கமாகக் கரண்டியும் சாய்ந்துகொடுப்பது தெரியும். தோள்பட்டை எலும்பு, அதாவது கறிக்கடையில் சப்பை என்று சொல்லும் அந்தத் தட்டையான எலும்பு, நம் உடம்பில் இதே வேலையைச் செய்கிறது. கையைத் தொங்கவிட்ட நிலையிலிருந்து தலைக்கு மேல் நேராகத் தூக்கும்போது கை ஏறத்தாழ 180 டிகிரி நகர்கிறது. அதில் சுமார் 120 டிகிரிதான் மூட்டிலிருந்து வருவது. மீதி 60 டிகிரியைச் சப்பை எலும்பு முதுகின்மீது வழுக்கிச் சுழன்று கொடுக்கிறது. நாள் முழுவதும் கூனி உட்கார்ந்து பைக் ஓட்டி, போனைக் குனிந்து பார்த்துப் பழகிய முதுகில் அந்த எலும்பு நகர மறுக்கிறது. அது கொடுக்க வேண்டியதை மூட்டே கொடுக்கப் பார்க்கிறது. சுமை போய் விழுவது நான்கு சின்னத் தசைகள்மேல்: சுப்ராஸ்பினேட்டஸ், இன்ஃப்ராஸ்பினேட்டஸ், டெரிஸ் மைனர், சப்ஸ்கேப்புலாரிஸ். நான்கையும் சேர்த்து ரொட்டேட்டர் கஃப் என்கிறார்கள். எலுமிச்சம்பழம் கரண்டியை விட்டு விழாமல் பிடித்திருப்பவை இவைதான். கண்ணாடியில் தெரியாத தசைகள் என்பதால் இவற்றுக்கென்று ஜிம்மில் யாரும் ஒரு நாள் ஒதுக்குவதில்லை.

தசைகளை எலும்போடு கட்டும் தசைநாண்களுக்கு ரத்த ஓட்டம் குறைவு. சதை நாலு நாளில் ஆறிவிடும், நாண் ஆற வாரக்கணக்கில் ஆகும். பெஞ்சில் எடை வேகமாக ஏறுகிறவர்களுக்குத் தோள் வலி வருவதற்கு இதுவும் ஒரு காரணம். சதை தயாராகிவிடுகிறது, நாண் இன்னும் வந்து சேரவில்லை.

கட்டை செய்யும் வேலை

கர்லாக்கட்டையின் அடி பருத்திருக்கும். பிடியை நோக்கி வரவரச் சிறுத்து, முடிவில் கை நழுவாமலிருக்க ஒரு குமிழ் இருக்கும். எடை முழுவதும் கையைவிட்டுத் தள்ளி, அடிப்பாகத்தில் உட்கார்ந்திருக்கிறது. நீர் நிறைந்த குடத்தை இடுப்போடு அணைத்துப் பிடிப்பதற்கும் கையை நீட்டிப் பிடிப்பதற்கும் உள்ள வித்தியாசம் எல்லோருக்கும் தெரியும். கட்டையில் அந்த வித்தியாசம்தான் பயிற்சி. 2 கிலோ கட்டையை நீட்டிய கையில் பிடித்தால் அதன் கனம் தோளிலிருந்து ஏறத்தாழ ஒரு மீட்டர் தள்ளி நிற்கிறது. தோளிலிருந்து 10 சென்டிமீட்டர் தூரத்தில் 20 கிலோவைத் தொங்கவிட்டால் மூட்டுக்கு வரும் திருகு விசையும் இதுவும் சமம். சுழற்சியின் வேகம் இதற்கு மேல் தனி. அதனால் கட்டையின் எடையை டம்பெல் எடையோடு ஒப்பிடவே கூடாது.

சுற்றும்போது இன்னொன்றும் நடக்கிறது. கட்டை கீழே வரும்போது கையைத் தோளிலிருந்து மெல்ல வெளியே இழுக்கிறது. அந்த இழுப்புக்கு எதிராக நான்கு சின்னத் தசைகளும் பழத்தைக் கரண்டியோடு சேர்த்துப் பிடிக்கின்றன. கட்டை முதுகுக்குப் பின்னால் இறங்கும்போது மேல்கை வெளிப்பக்கமாகத் திரும்பி, முழங்கை வானத்தைப் பார்க்கிறது, சப்பை எலும்பு முழுதாக மேலே சுழல்கிறது. பெஞ்ச் பிரஸ் ஒருநாளும் கொடுக்காத நிலை அது. ஸ்னாட்ச் தூக்குகிறவருக்கு மிகவும் வேண்டிய நிலையும் அதுதான். வேலூர்க்காரர் சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் ஸ்னாட்ச்சில் 149 கிலோ தூக்கினார். குத்துக்காலிட்ட நிலையில், அகலப் பிடித்த இரண்டு கைகளுக்கு நடுவே, தலைக்கு மேல் 149 கிலோ நிற்க வேண்டுமென்றால் தோள் எவ்வளவு திறந்திருக்க வேண்டும் என்று ஒரு காலிக் கம்பை வைத்து நீங்களே செய்து பாருங்கள்.

கட்டை நம் ஊரோடு நின்றுவிடவில்லை. ஈரானின் தேகப்பயிற்சிக் கூடங்களில் இதன் பங்காளியை மீல் என்கிறார்கள். இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் படையினர் இதைப் பார்த்துத் தங்கள் நாட்டுக்குக் கொண்டுபோனார்கள். 1834-ல் லண்டனில் டொனால்ட் வாக்கர் வெளியிட்ட உடற்பயிற்சி நூலில் 'இந்தியன் கிளப்' இடம்பெற்றுவிட்டது. 1904 செயின்ட் லூயிஸ், 1932 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்குகளில் ஜிம்னாஸ்டிக்ஸ் பிரிவில் கட்டை சுற்றுவதற்கே பதக்கம் கொடுத்தார்கள். இங்கிருந்து போன கட்டைக்கு அங்கே பதக்கம் கிடைத்த காலத்தில் அதைச் சுற்றியவர்களும் பெரும் எடையைச் சுற்றவில்லை. சின்னக் கட்டைகளைத்தான் சுற்றினார்கள்.

கட்டை வாங்குவது, கடைவது

கைக் கர்லா, புஜக் கர்லா, குஸ்திக் கர்லா என்று வகை சொல்வார்கள். பாரம் தூக்குகிறவருக்கு வேண்டியது கைக் கர்லா ஒன்றுதான், அதுவும் ஒரு ஜோடி. கடையில் அலங்காரத்துக்கு விற்கும் வர்ணமடித்த கட்டைகளில் பிடி மெல்லியதாக இருக்கும், வேண்டாம். கடைசல் பட்டறையில் சொல்லிச் செய்வதே நல்லது. நீளம் 2 அடி. அதில் பிடி 6 அங்குலம், விரல்கள் சுற்றி வந்து கட்டைவிரலைத் தொடுகிற கனம், சுமார் ஒன்றேகால் அங்குலம். குமிழ் 2 அங்குலம். அடிப்பாகம் மிகப் பருத்த இடத்தில் 3 அங்குலம். வேம்பில் இந்த அளவுக்குக் கடைந்தால் ஏறக்குறைய ஒரு கிலோ வரும். கருவேலத்தில் இன்னும் கொஞ்சம் கூடும். பிடியும் உடலும் ஒரே மரத்துண்டாக இருக்க வேண்டும். ஆணி அடித்தோ பசை போட்டோ சேர்த்த பிடி என்றைக்காவது ஒரு நாள் பறக்கும். ஜோடியைத் தராசில் போட்டுப் பாருங்கள். 50 கிராமுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கனத்ததை இன்னொரு முறை கடையச் சொல்லுங்கள்.

இவ்வளவும் செய்வதற்கு முன் பிடிக்கிறதா என்று பார்க்க நினைப்பவர்கள் வீட்டு மூலையில் கிடக்கும் பழைய டென்னிஸ் பால் கிரிக்கெட் பேட்டை எடுங்கள். எடை ஒரு கிலோவை ஒட்டித்தான் இருக்கும், கனமும் கையைவிட்டுத் தள்ளித்தான் இருக்கிறது. விளிம்பு மட்டும் முதுகில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். முதல் இரண்டு வாரத்துக்கு அது தாராளமாகப் போதும்.

தென்னை மரத்துக்கு முன்னால்

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் ஒரு சிலம்ப வாத்தியார். சோழவந்தான் பக்கம் ஒரு தோப்பில் விடியற்காலையில் பிள்ளைகளுக்குக் கம்பு சொல்லிக்கொடுப்பார். எனக்கு அப்போது 26 வயது, பெஞ்சில் 90 கிலோ போட்டுக்கொண்டிருந்தேன், வலது கையால் தலை வார முடியாது. வாத்தியார் ஒன்றரைக் கிலோ கட்டை ஒன்றை எடுத்து நீட்டினார்.

"இம்புட்டுத்தானா வாத்தியாரே?"

"முப்பது சுத்து சத்தமில்லாமச் சுத்து. அப்பறம் பேசுவோம்."

ஒன்பதாவது சுற்றில் கட்டை என் முதுகில் தட்டியது. பன்னிரண்டில் மறுபடி. பதினைந்தில் நானே நிறுத்திவிட்டேன். மூச்சு வாங்கவில்லை, கைச்சதை களைக்கவில்லை. தோளுக்குள்ளே, எங்கே என்று விரல் வைத்துக் காட்ட முடியாத ஆழத்தில், ஏதோ ஒன்று நடுங்கிக்கொண்டிருந்தது. வாத்தியார் பின்னால் வந்து என் சப்பை எலும்பின் கீழ்முனையில் கட்டைவிரலை வைத்து, இன்னொரு சுற்று சுற்றச் சொன்னார். "இது தூங்குதுப்பா. கை மட்டும்தான் வேல செய்யுது," என்றார்.

பிறகு ஒரு தென்னை மரத்துக்கு ஒரு முழம் முன்னால் என்னை நிறுத்தினார், முதுகு மரத்தைப் பார்த்தபடி. முதுகிலும் படக்கூடாது, மரத்திலும் படக்கூடாது. அந்த ஒரு முழ இடைவெளிக்குள் கட்டை இறங்கி ஏற வேண்டும். வேகமாகச் சுற்றினால் மரத்தில் தட்டும், பயந்து இழுத்துப் பிடித்தால் முதுகில் தட்டும். பதினோரு நாள் ஆனது. முப்பது சுற்று சத்தமில்லாமல் முடிந்த அன்றைக்குத்தான் அடுத்த பாடம் சொன்னார். நான் சொல்லிக்கொடுக்கிற எல்லோருக்கும் இந்த மரப் பாடத்தைத்தான் முதலில் வைக்கிறேன். மரம் இல்லாதவர்கள் மொட்டை மாடிச் சுவரை வைத்துக்கொள்ளலாம்.

சுற்றும் முறை

கால்களை இடுப்பகலத்துக்கு வைத்து நில்லுங்கள். முழங்கால் பூட்டியிருக்கக் கூடாது. விலா எலும்பு முன்னால் புடைத்து நடுமுதுகு வளைந்தால், தோள் கொடுக்க வேண்டிய அசைவை முதுகு கொடுக்கிறது என்று பொருள். வயிற்றை லேசாக இறுக்கி அதைத் தடுங்கள். மூச்சை அடக்கவே வேண்டாம்.

முதலில் ஊசல். கையைத் தொங்கவிட்டுக் கட்டையை முன்னும் பின்னும் ஆடவிடுங்கள். இடுப்பளவில் தொடங்கித் தோளளவுக்கு வரட்டும். பக்கத்துக்குப் பத்து. அடுத்து முன்வட்டம். கையை நீட்டி, உடம்புக்கு முன்னால் ஒரு முழு வட்டம், உள்பக்கமாகப் பத்து, வெளிப்பக்கமாகப் பத்து. கட்டை உச்சியைக் கடக்கும்போது தோளைக் காதுப்பக்கம் ஏறவிடலாம், அது ஏற வேண்டிய இடம்தான். இந்த இரண்டையும் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, ஒரு வாரத்தில் கை பழகிவிடும்.

மூன்றாவதுதான் முதுகுச் சுற்று. இந்த அத்தியாயம் முழுவதையும் மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். வலது கையில் கட்டையை நெஞ்சுக்கு முன்னால் செங்குத்தாக நிறுத்துங்கள். முழங்கை விலாவை ஒட்டியிருக்கட்டும், கட்டையின் அடி வானத்தைப் பார்க்கட்டும். இப்போது முழங்கையை மேலே தூக்கிக்கொண்டே கட்டையை இடது காதின் பக்கமாகத் தலைக்குப் பின்னால் கொண்டுபோங்கள். காதைத் தாண்டியதும் அதை விழவிட வேண்டும். கையால் இறக்கக் கூடாது. கனமே அதை இறக்கும். பிடியைத் தளர்த்தி, சுண்டுவிரலும் மோதிரவிரலும் மட்டும் குமிழைக் காக்கும்படி விட்டால், கட்டை முதுகுக்குப் பின்னால் தலைகீழாகத் தொங்கும். அந்த நொடியில் முழங்கை வானத்தை நோக்கியிருக்க வேண்டும். கட்டை இடமிருந்து வலமாக முதுகைக் கடந்து, வலது தோளுக்கு மேலே தானாக எழும். எழும்போது முழங்கையை முன்னால் இறக்கி, கட்டையைத் தொடங்கிய இடத்தில் கொண்டுவந்து நிறுத்துங்கள். நிறுத்துவது முக்கியம். அரை நொடியாவது அசையாமல் நிற்க வேண்டும். ஓடுகிற கட்டையைப் பிடித்து நிறுத்தும் அந்த அரை நொடியில்தான் நான்கு சின்னத் தசைகளும் தங்கள் வேலையைக் கற்றுக்கொள்கின்றன. நிறுத்தாமல் சுற்றிக்கொண்டே இருப்பது பார்க்க அழகாக இருக்கும், பயன் பாதிதான்.

இடது கைக்கும் அப்படியே, பக்கம் மாற்றி. முதல் இரண்டு வாரம் கைக்குப் பத்து. பிறகு வாரத்துக்கு ஐந்து கூட்டி முப்பது வரை போகலாம். முப்பதும் தட்டாமல் வந்தால்தான் அரைக் கிலோ கூட்டலாம். ஒற்றைக் கையில் 3 கிலோவைத் தாண்ட வேண்டிய தேவை பார் தூக்குகிறவருக்கு இல்லை. இரண்டு கையாலும் பிடித்துச் சுற்றும் கனத்த கட்டை தனி வித்தை. அது தோளைக் கட்டும், ஆனால் களைப்பையும் ஏற்றும். மறுநாள் ஓவர்ஹெட் பிரஸ் இருக்கிறவருக்கு அந்தக் களைப்பு கேடு.

சுற்றும்போது "கடக்" என்று ஒரு சத்தம் மட்டும் வந்தால் பயப்பட வேண்டாம். சத்தத்தோடு வலியும் வந்தால் அந்தச் சுற்றை அன்றைக்கு விட்டுவிடுங்கள். முழங்கை எந்த உயரத்தில் இருக்கும்போது வலி தொடங்குகிறது என்று பார்த்து, அதற்குக் கீழே ஊசலை மட்டும் செய்யுங்கள்.

வீட்டில் கிடக்கும் மற்றவை

துண்டு: குற்றாலத் துண்டோ சிலம்பக் கம்போ, இரண்டில் ஒன்று. தோளகலத்தைப் போல இரண்டு மடங்கு அகலத்தில் பிடித்து, முழங்கை மடக்காமல், தொடைக்கு முன்னாலிருந்து தலைக்கு மேலே ஏற்றிப் பின்னால் இடுப்புவரை கொண்டுபோய்த் திரும்புங்கள். பத்துமுறை. கம்பைவிடத் துண்டு நல்லது, இழுத்தால் கொஞ்சம் கொடுக்கும். மாதத்துக்கு இரண்டு விரல்கடை பிடியைக் குறுக்கினால் போதும். நெளிந்து நெளிந்து குறுக்கிக்கொண்டு போவதில் ஒரு லாபமும் இல்லை.

சைக்கிள் டியூப்: இதற்கு நான் பெரிய மரியாதை வைத்திருக்கிறேன். சைக்கிள் கடையில் ஒட்டுப்போட முடியாமல் தூக்கிப்போட்ட டியூபை வாங்கி, வால்வு இருக்கும் பகுதியை வெட்டிவிட்டு, ஜன்னல் கம்பியில் முழங்கை உயரத்துக்குக் கட்டுங்கள். ஜன்னலுக்குப் பக்கவாட்டில் நின்று, முழங்கையை 90 டிகிரி மடக்கி, முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவே ஒரு துண்டைச் சுருட்டி வையுங்கள். துண்டு கீழே விழாமல், முன்கையை மட்டும் கதவு திறப்பதுபோல வெளிப்பக்கமாகத் திறந்து மெல்ல மூடுங்கள். திறப்பதைவிட மூடுவது மெதுவாக இருக்கட்டும். பதினைந்து முறை, இரண்டு செட். பிறகு டியூபை முக உயரத்தில் கட்டி, இரண்டு கையாலும் முகத்தை நோக்கி இழுங்கள், முழங்கை அகன்று போகட்டும். கிணற்றில் கயிறு இழுத்து நீர் சேந்திய தலைமுறைக்கு இந்த இழுப்பு அன்றாட வேலையாக இருந்தது. நமக்கு மோட்டார் வந்துவிட்டதால் தனியாகச் செய்ய வேண்டியிருக்கிறது.

தொங்குதல்: புல்-அப் பாரிலோ உறுதியான மரக்கிளையிலோ இருபது நொடி சும்மா தொங்குங்கள், பிறகு முழங்கையை மடக்காமல் தோளை மட்டும் காதிலிருந்து கீழே இழுத்து ஐந்து நொடி நில்லுங்கள். ஏற்கெனவே தோள் நழுவியவர்கள் தொங்க வேண்டாம்.

தண்டால்: செய்யுங்கள், ஆனால் பெஞ்ச் நாளோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். அதுவும் தள்ளும் வேலைதான். கையை நீட்டி முடித்த உச்சியில், இன்னும் ஒரு விரல்கடை தரையைத் தள்ளி முதுகை உயர்த்தினால் சப்பை எலும்பைப் பிடித்திருக்கும் தசைக்கும் வேலை கிடைக்கும்.

பாரோடு சேர்ப்பது

தூக்குவதற்கு முன் எட்டு நிமிஷம்: துண்டு, ஊசல், முன்வட்டம், முதுகுச் சுற்று, பிறகு காலி பார். தூக்கி முடித்தபின் ஐந்து நிமிஷம்: டியூப், தொங்கல். ஓய்வு நாளில் கட்டை மட்டும், முப்பது சுற்று. பெஞ்ச், பிரஸ், தண்டால் எல்லாம் சேர்த்து வாரத்தில் எத்தனை செட் தள்ளுகிறீர்கள் என்று எண்ணி, குறைந்தது அத்தனை செட் இழுங்கள், ரோயிங்கோ புல்-அப்போ. திங்கட்கிழமை செஸ்ட், வியாழக்கிழமை மறுபடி செஸ்ட் என்று போகிற நோட்டைக் கொண்டுவந்து காட்டும் தம்பிகளிடம் நான் முதலில் திருத்துவது இதைத்தான்.

இது நேரத்தை வீணாக்குவது என்று தோன்றினால் பளுதூக்கும் வீராங்கனை மீராபாய் சானுவை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் கர்லா சுற்றினார் என்று நான் சொல்ல வரவில்லை. 2020-ல், டோக்கியோ ஒலிம்பிக் ஓர் ஆண்டு தள்ளிப்போன நேரத்தில், அமெரிக்காவுக்குப் போய் ஆரோன் ஹார்ஷிக் என்ற நிபுணரிடம் தோளிலும் முதுகிலும் இருந்த சமனின்மையைச் சரிசெய்துகொள்வதற்கென்றே காலம் ஒதுக்கினார். 2021 ஏப்ரலில் தாஷ்கண்டில் கிளீன் அண்ட் ஜெர்க்கில் 119 கிலோ, உலக சாதனை. ஜூலையில் டோக்கியோவில் மொத்தம் 202 கிலோ, வெள்ளிப் பதக்கம். உலகத் தரத்தில் தூக்குகிறவரே சின்னத் தசைகளுக்கு மாதக்கணக்கில் நேரம் கொடுக்கிறார்.

பொங்கலுக்குத் தயாராகிறவர்கள்

நம் பக்கம் பாரம் என்றால் ஜிம் பார் மட்டும் இல்லை. தென்மாவட்டங்களில் பல ஊர் மந்தைகளிலும் கோயில் வாசல்களிலும் இளவட்டக்கல் பாதி புதைந்து கிடக்கிறது. நெல்லை மாவட்டம் வடலிவிளையில் பொங்கலையொட்டி இன்னும் போட்டியாகவே தூக்குகிறார்கள். அந்தக் கல்லில் பிடி கிடையாது. தரையிலிருந்து மடிக்கு, மடியிலிருந்து நெஞ்சுக்கு, நெஞ்சிலிருந்து தோளுக்கு ஏற்றி, பின்னால் தள்ள வேண்டும். பயிற்சியே இல்லாமல் பொங்கலன்று நேராகப் போய்க் கல்லைக் கட்டிப்பிடிப்பது தோளுக்கும் முழங்கை மடிப்பு நாணுக்கும் செய்கிற கொடுமை. ஐப்பசியிலேயே கட்டையைத் தொடங்கி, கார்த்திகையிலிருந்து 20, 30 கிலோ மணல் மூட்டையைத் தோளில் ஏற்றிப் பழகுங்கள். வலது தோளில் ஏற்றிய அளவுக்கு இடது தோளிலும் ஏற்றுங்கள்.

அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் வாடிவாசலுக்குப் போகிற மாடுபிடி வீரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. திமிலைக் கட்டிய கை பக்கவாட்டில் உயர்ந்து வெளிப்பக்கமாகத் திரும்பியிருக்கும்போது காளை முன்னால் பாய்கிறது. தோள் பந்து குழியை விட்டு முன்பக்கமாக நழுவுவது பெரும்பாலும் இந்த நிலையில்தான். முதுகுச் சுற்று அந்த நிலையில் தோளைப் பலப்படுத்தும். ஆனால் ஏற்கெனவே ஒருமுறை நழுவிய தோளுக்கு அந்தச் சுற்றைச் செய்யாதீர்கள், துண்டையும் பின்னால் கொண்டுபோகாதீர்கள். இளவயதில் நழுவிய தோள் மறுபடி நழுவும் வாய்ப்பு அதிகம். பிசியோதெரபிஸ்ட் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகே கட்டையைத் தொட வேண்டும். தோள் நழுவினால் அந்த இடத்திலேயே நாலு பேர் பிடித்து இழுத்துப் போடுகிற பழக்கம் இன்னும் இருக்கிறது. நரம்பும் ரத்தக்குழாயும் அந்த மூட்டை ஒட்டியே போகின்றன, எலும்பு உடைந்திருக்கிறதா என்பது எக்ஸ்ரே இல்லாமல் தெரியாது. கையை ஒரு துண்டால் கழுத்தோடு தொட்டில் கட்டி, நேரே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.

நழுவாத தோளுக்கும் சில நேரம் மருத்துவர் வேண்டும். ராத்திரி தூக்கத்தைக் கலைக்கிற வலி, கையைத் தோளுயரத்துக்குக்கூடத் தூக்க முடியாமை, விரல்களில் மரமரப்பு, இரண்டு வாரம் ஓய்வு கொடுத்தும் மாறாத வலி: இவற்றில் ஒன்று இருந்தாலும் கட்டையை வைத்துவிட்டு எலும்பு மூட்டு மருத்துவரைப் பாருங்கள். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையிலேயே அதற்கான பிரிவு இருக்கிறது. நாற்பதைத் தாண்டியவர்கள், அதிலும் சர்க்கரை உள்ளவர்கள், தோள் நாளுக்கு நாள் இறுகிக்கொண்டே போனால் அது தோள் இறுக்க நோயாக இருக்கலாம். வலுக்கட்டாயமாகச் சுற்றித் திறக்கப் பார்த்தால் வலிதான் கூடும். இடது தோள் வலியோடு நெஞ்சு இறுக்கமும் வியர்வையும் சேர்ந்து வந்தால் அதைத் தோள் நோவு என்று நினைக்காதீர்கள், 108-ஐ அழையுங்கள்.

கட்டையைப் பேணுவது

மதுரை வெயிலில் மரம் சீக்கிரம் வாய்விடும். பங்குனி, சித்திரையில் மொட்டை மாடியில் கட்டையை விட்டுவிட்டு வந்தால் இரண்டே வாரத்தில் அடியில் கீறல் தெரியும். நிழலில், சுவரில் சாய்க்காமல், படுக்கவைத்து வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நல்லெண்ணெயைத் துணியில் தொட்டு மெல்லியதாகப் பூசி, ஒரு நாள் விட்டு நன்றாகத் துடைத்துவிடுங்கள். பிடியில் மட்டும் எண்ணெய் வேண்டாம். பிடி வழுவழுத்தால் உப்புத்தாள் போட்டு ஒரு தேய் தேய்த்து, வியர்வை அதிகமுள்ளவர்கள் பருத்தி நாடா சுற்றிக்கொள்ளலாம். மாதம் ஒருமுறை பிடியும் உடலும் சேரும் கழுத்தை நகத்தால் சுண்டிப் பாருங்கள். சத்தம் கணீரென்று இருக்க வேண்டும். அந்த இடத்தில் மயிரிழை விரிசல் கண்டாலும் பசை வைத்து ஒட்டிச் சுற்றாதீர்கள். பழைய கட்டையின் எடையையும் பிடியின் கனத்தையும் ஒரு துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்டு கடைசல் பட்டறைக்குப் போய், அதே அளவில் இன்னொன்று சொல்லிவிட்டு வாருங்கள். அது வரும்வரை பேட் இருக்கிறது.